அலுவலக ஐடி ப்ராஜெக்ட்டைக் கரை சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓர் அலுவலகம் தன் உள்வேலைக்காக ஒரு மென்பொருளைக் கொண்டுவருகிறது. கொள்முதல், ஸ்டோர் இருப்பு, சம்பளம், விடுப்பு, புகார்ப் பதிவு என எதுவாகவும் இருக்கலாம். அந்த வேலையைப் பொறுப்பேற்று நடத்துபவருக்காக எழுதியது இது. வெளியே விற்பதற்காகத் தயாரிக்கும் மென்பொருளுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

இப்படிப்பட்ட வேலைகளை நான் நடத்தியிருக்கிறேன். முதல்முறை பொறுப்பேற்றவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. வரிசைதான் மாறிப்போயிருந்தது. முடிவெடுப்பவர் யார் என்று தெரிவதற்கு முன்பே மென்பொருளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பழைய டேட்டாவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே தேதி சொல்லியிருந்தார்கள். அதனால் கீழே உள்ளதை எண் வரிசைப்படியே செய்யுங்கள். சேர்த்துச் செய்யக்கூடிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம்: எக்செல் தாளிலும் மின்னஞ்சலிலும் நடந்துவரும் கொள்முதல் ஒப்புதலை ஒரு மென்பொருளுக்கு மாற்றும் வேலை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் நேரம். வழக்கமான வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டே இதையும் பாருங்கள் என்று சொன்னால், வாரத்தில் எத்தனை நாள் இதற்கு ஒதுக்கப்படுகிறது என்பதை மேலதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் இல்லாவிட்டால், பழைய வேலையில் நெருக்கடி வரும் முதல் வாரத்திலேயே அந்த நேரம் போய்விடும்.

இரண்டாவது, வேலை தெரிந்த ஒருவர். கொள்முதல் பிரிவில் தினமும் கோப்பு பார்ப்பவர் வேண்டும். பிரிவுத் தலைவர் மட்டும் போதாது. அவர் உங்களுடன் உட்காரும் நாட்களில் அவருடைய வேலையை யார் பார்ப்பார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். இதைப் பேசாமல் விட்டால் அவர் மீட்டிங்குக்கு வருவார், ஆனால் மனம் மேஜையில் குவியும் கோப்புகளில் இருக்கும். அது அவர் தவறில்லை.

மூன்றாவது, பழைய டேட்டாவைப் படிக்கும் அனுமதி. கேட்டு வாங்கவே சில வாரங்கள் ஆகலாம், முதல் நாளே கேளுங்கள்.

கடைசியாக, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரே ஃபோல்டர். அதில் நான்கு பட்டியல்கள் போதும்: எடுத்த முடிவுகள், தீராத கேள்விகள், மாற்றக் கோரிக்கைகள், அட்டவணை.

1. பிரச்சினையை ஒரு பத்தியில் எழுதுங்கள்

எந்த மென்பொருளின் பெயரும் வராமல் எழுத வேண்டும். "ஒப்புதல் எந்த மேஜையில் நிற்கிறது என்று கோரிக்கை வைத்தவருக்குத் தெரிவதில்லை. ஒரே பொருளை இரண்டு பிரிவுகள் தனித்தனியாக வாங்குகின்றன. பில் வந்த பிறகுதான் ஒப்புதல் இல்லாதது தெரிகிறது." இந்த அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும்.

புதியவர்கள் இங்கே எழுதுவது பெரும்பாலும் "நவீன கொள்முதல் மென்பொருள் தேவை" என்றுதான். அது விடை. கேள்வியை எழுதாமல் விடையை எழுதிவிட்டால், பின்னால் ஒவ்வொருவரும் தங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கு விடை எங்கே என்று கேட்பார்கள்.

எழுதிய பத்தியை ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். "ஆமாம், இதேதான்" என்று யாரும் சொல்லாவிட்டால் திரும்ப எழுதுங்கள். இந்தப் படியில் ஒரு வாரம் போனாலும் கவலைப்படாதீர்கள்.

2. முடிவெடுக்கும் ஒருவரைப் பெயர் சொல்லி உறுதி செய்யுங்கள்

ப்ராஜெக்ட்டுக்கு மேலிடத்தில் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் என்று ஒருவர் பெயர் காகிதத்தில் இருக்கும். அவர் உண்மையில் முடிவெடுப்பவரா என்று மூன்று கேள்விகளில் தெரிந்துவிடும். இரண்டு பிரிவுகள் முரண்பட்டால், இவர் சொல்வதை இரண்டும் ஏற்குமா? கூடுதல் பணம் தேவைப்பட்டால் இவரே தர முடியுமா? தேவையானால் ப்ராஜெக்ட்டை நிறுத்தும் அதிகாரம் இவருக்கு உண்டா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து அவரையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

குழு அமைப்பது இதற்கு மாற்றாகாது. குழுவில் எல்லோருக்கும் கருத்து இருக்கும், தாமதத்துக்குப் பொறுப்பு யாருக்கும் இருக்காது. குழு ஆலோசனை சொல்லட்டும், கையெழுத்து ஒருவருடையதாக இருக்கட்டும்.

மக்கள் மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். நடந்ததை ஆராய்ந்த அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், தெளிவான தலைமை இல்லாததையும் அதனால் முடிவுகள் தள்ளிப்போனதையும் முக்கியக் காரணமாகக் குறித்தது. பணமும் நிபுணர்களும் ஏராளமாக இருந்த இடத்திலேயே இப்படி என்றால், ஒரு சாதாரண அலுவலகத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

ஸ்பான்சரிடம் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்ள வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தருவார். அவரிடம் போன கேள்விக்கு இத்தனை நாளுக்குள் பதில் வரும், வராவிட்டால் உங்கள் பரிந்துரையே முடிவு. இந்த இரண்டாவது ஒப்பந்தம் பல வாரங்களை மிச்சப்படுத்தும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

3. இன்று வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

மூன்று மேஜைகளில் உட்காருங்கள்: கோரிக்கை எழுப்புபவர், ஒப்புதல் தருபவர், பில் பார்க்கும் கணக்குப் பிரிவு ஊழியர். ஒவ்வோரிடத்திலும் அரை நாளாவது இருங்கள். கேள்வி கேட்டால் விதிமுறைப்படி எப்படி நடக்க வேண்டுமோ அதைச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் உண்மையில் நடப்பது தெரியும்.

ஓர் அலுவலகத்தில் ஒப்புதலுக்கு நான்கு நிலைகள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தபோது, கோப்பு நகர்வதற்கு முன்பே ஊழியர் மேலாளருக்குப் போன் செய்து "அனுப்பலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவசரக் கொள்முதல்கள் ஒரு துண்டுத்தாளில் குறிக்கப்பட்டு, மாதக் கடைசியில்தான் முறைப்படுத்தப்பட்டன. யாரும் எதையும் மறைக்கவில்லை. பழக்கமாகிப்போனதால் சொல்லத் தோன்றவில்லை. அந்த அவசர வழிக்கு மென்பொருளில் இடமே வைக்காமல் திறந்திருந்தால், இயந்திரம் பழுதான முதல் நாளே எல்லோரும் எக்செல்லுக்குத் திரும்பியிருப்பார்கள்.

பார்த்ததை ஒரே பக்கத்தில் படமாக வரையுங்கள். விதிவிலக்குகளைத் தனியாக எழுதுங்கள்: நிராகரித்தது திரும்பி வருவது, ஒப்புதல் தருபவர் விடுப்பில் இருப்பது, பாதிப் பொருள் மட்டும் வந்து சேர்வது. இந்தப் பட்டியல்தான் 11ஆம் படியில் டெஸ்டிங்குக்கு உதவப் போகிறது. தொலைத்துவிடாதீர்கள்.

4. இன்றைய அளவை எடுத்து வையுங்கள்

ஒரு கோரிக்கை ஒப்புதலாக இன்று எத்தனை நாள் ஆகிறது? கடந்த மாதம் எத்தனை பில்கள் ஒப்புதல் இல்லாமல் வந்தன? இரண்டு மூன்று எண்கள் போதும். 3ஆம் படியோடு சேர்த்தே இதைச் செய்யலாம். பழைய முறை மறைந்த பிறகு இந்த எண்களை எடுக்க வழியில்லை.

5. எது இல்லை என்பதையும் சேர்த்து எல்லையை எழுதுங்கள்

எல்லை ஆவணத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கட்டும்: இந்தமுறை வருவது, இந்தமுறை வராதது. இரண்டாவதுதான் உங்களைக் காப்பாற்றும். "சப்ளையர் மதிப்பீடு இந்தக் கட்டத்தில் இல்லை. மொபைல் செயலி இல்லை. பழைய ஒப்பந்தங்களின் ஸ்கேன் நகல்கள் வராது." இப்படி வெளிப்படையாக எழுதி ஸ்பான்சரின் கையெழுத்தை வாங்கிவிட்டால், பின்னால் வரும் "அதுவும் இருக்கும் என்றுதானே நினைத்தோம்" என்ற பேச்சு சுருங்கிவிடும்.

வருவதையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தனியாகவே பயன் தரக்கூடிய சிறிய பகுதியை முதலில் எடுங்கள். நம் உதாரணத்தில் ஒரு பிரிவின் கோரிக்கையும் ஒப்புதலும் மட்டும் முதல் கட்டம். பில்லோடு பொருத்திப் பார்ப்பது இரண்டாம் கட்டம். முதல் கட்டம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு மக்கள் கேட்பது, வருவதற்கு முன்பு கேட்டதிலிருந்து நிச்சயம் மாறும்.

அமெரிக்காவின் எஃப்பிஐ தன் வழக்குக் கோப்புகளுக்காகத் தொடங்கிய மென்பொருளை, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005ல் கைவிட்டது. அதன் தேவைகள் ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியிருந்தது. வேலை நடக்க நடக்க தேவைகளும் மாறிக்கொண்டே இருந்தன. பக்கங்கள் கூடினால் தெளிவு கூடிவிடும் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

6. டேட்டாவை இப்போதே திறந்து பாருங்கள்

பெரும்பாலான அட்டவணைகளில் டேட்டா மாற்றம், அதாவது பழைய டேட்டாவைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோவது, கடைசி இரண்டு வாரங்களில் ஒரு வரியாக இருக்கும். அதை எடுத்து இங்கே கொண்டுவாருங்கள், மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால். நான் பார்த்த தாமதங்களில் மிக அதிகமானவை இந்த ஒரு வரியிலிருந்து வந்தவை. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

சப்ளையர் பட்டியலைத் திறந்தால் ஒரே நிறுவனம் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஒரு வரிசையில் தேதி நாள், மாதம் என்றும் இன்னொன்றில் மாதம், நாள் என்றும் இருக்கும். எக்செல்லில் எண்ணாகத் திறந்த பொருள் குறியீடுகளின் முன்னால் இருந்த பூஜ்யங்கள் காணாமல் போயிருக்கும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் கணக்கு எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாக மாறியிருக்கும், ஏனென்றால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். "குறிப்பு" என்ற கட்டத்தில் ஒப்புதல் தேதி, தள்ளுபடி, தொலைபேசி எண் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

இதைச் சுத்தம் செய்ய வேண்டியது கொள்முதல் பிரிவு. ஐடி ஆட்களால் இரட்டைப் பதிவுகள் எவை என்று சந்தேகப்பட முடியும். எது சரியான பதிவு என்று தொழில் தெரிந்தவருக்குத்தான் தெரியும். இந்தப் பொறுப்பைப் பெயர் போட்டு ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் இரு பக்கமும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு பழையது வரவேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முடியாமல் நிற்கும் கோரிக்கைகளும் நடப்பு ஆண்டும் போதும் என்றால் வேலை பாதியாகக் குறையும். மீதியைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் கைக்கு வந்ததும் பழைய டேட்டாவை அதில் ஏற்றிப் பார்க்கும் சோதனை ஏற்றம் ஒன்று செய்யுங்கள். அது தவறுகளைக் காட்டுவதற்கானது, அழகாக முடியாது. ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் இரண்டு பக்கமும் வரிகளின் எண்ணிக்கையையும் தொகையின் கூட்டலையும் ஒப்பிடுங்கள். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. முடிவுகளைச் சேர்க்க எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும், மிஞ்சியவை வெளியே நின்றுவிட்டன. எண்ணிக்கையை ஒப்பிடும் ஒரு சின்னச் சரிபார்ப்பு இதை அன்றே காட்டியிருக்கும்.

7. வாங்குவதா, செய்வதா என்று இப்போது முடிவு செய்யுங்கள்

இந்தப் படி ஏழாவதாக வருவதற்குக் காரணம் உண்டு. மேலே உள்ள ஆறும் கையில் இருந்தால்தான் மென்பொருள் விற்கும் வெண்டரின் டெமோவை உங்களால் எடைபோட முடியும். இல்லாவிட்டால் டெமோ உங்களை அழைத்துக்கொண்டு போகும்.

வெண்டரிடம் உங்கள் வேலையிலிருந்து ஐந்து உண்மை நிகழ்வுகளைக் கொடுங்கள். இரண்டு சிக்கலானதாக இருக்கட்டும்: பாதிப் பொருள் வந்தது, ஒப்புதல் தருபவர் விடுப்பில் போனது. அவற்றைத் திரையில் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். "அதைச் செய்து தரலாம்" என்று பதில் வந்தால் அது இன்று இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளின் வழக்கமும் உங்கள் வழக்கமும் மோதும்போது எதை மாற்றுவது? என் முடிவு இதுதான்: சட்டமோ பணக் கட்டுப்பாடோ சம்பந்தப்பட்டால் மென்பொருளை மாற்றுங்கள். வெறும் பழக்கம் என்றால் பழக்கத்தை மாற்றுங்கள். மென்பொருளில் செய்யும் ஒவ்வொரு தனி மாற்றத்தையும் அடுத்த பதிப்பு வரும்போதெல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை விட்டுவிடாதீர்கள். பணம் தேதிக்கு அல்லாமல் நீங்கள் சோதித்து ஏற்றுக்கொண்ட பகுதிக்குத் தரப்பட வேண்டும். விலகும் நாளில் உங்கள் டேட்டா முழுவதும் எந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். எந்த வகைப் பிழைக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் என்பதும் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் இதையெல்லாம் கேட்டால் சாதாரணமாகக் கிடைக்கும்.

8. அட்டவணையை வேலை செய்பவரிடம் கேட்டுப் போடுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று அதைச் செய்யப்போகிறவரிடமே கேளுங்கள். ஒரு வேலை ஒரு வாரத்துக்கு மேல் நீண்டால் உடைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் மறந்துபோன பகுதிகள் வெளியே வரும்.

புதியவர்கள் வேலை நாட்களை நன்றாகக் கணக்கிடுகிறார்கள். காத்திருக்கும் நாட்களை விட்டுவிடுகிறார்கள். சர்வர் அனுமதி, பாதுகாப்புச் சரிபார்ப்பு, ஒப்பந்தக் கையெழுத்து, ஆண்டுக் கணக்கு முடிப்பு நடக்கும் வாரங்கள், முக்கியமான ஒருவரின் நீண்ட விடுப்பு. இவற்றைத்தான் முதலில் காலண்டரில் குறியுங்கள். வேலைகளை அவற்றைச் சுற்றி வையுங்கள்.

தேதி எப்போது சொல்வது? முதல் சோதனை ஏற்றம் முடியும்வரை "இந்த மாதத்துக்கும் அந்த மாதத்துக்கும் இடையில்" என்று இடைவெளியாகச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு தேதி. மேலிடம் ஒரே தேதியைக் கேட்டு அழுத்தினால், இடைவெளியின் தூர முனையைச் சொல்லுங்கள்.

தாமதமாகிவிட்டால் ஆட்களைக் கூட்டலாம் என்ற யோசனை உடனே வரும். கடைசிக் கட்டத்தில் அது பெரும்பாலும் இன்னும் தாமதமாக்கும். புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுக்க, வேலையில் இருப்பவர்தான் வேலையை நிறுத்த வேண்டும். ஆளைக் கூட்டுவதானால் ஆரம்பத்தில் கூட்டுங்கள். கடைசியில் எல்லையைக் குறைப்பதே பலன் தரும்.

9. மாற்றக் கோரிக்கைக்கு ஒரே வாசல் வையுங்கள்

வழியில் நிறுத்தி ஒரு மேலாளர் டெவலப்பரிடம் "இதையும் சேர்த்துடுங்க" என்பார். டெவலப்பர் மரியாதைக்குச் சரி என்பார். இரண்டும் இயல்பானவை. அதனால்தான் எல்லாக் கோரிக்கையும் ஒரே பட்டியலுக்கு வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் மூன்றில் ஒன்று: இப்போது, அடுத்த கட்டத்தில், வேண்டாம். "இப்போது" என்றால் அதற்கு இணையாக எது வெளியே போகிறது என்றும் எழுத வேண்டும். வெளியே போவது எது என்று கேட்டவுடன் பாதிக் கோரிக்கைகள் தாமாகவே அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும்.

10. வாராந்திர நிலையை முடிந்தது, முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்

"90 சதவீதம் முடிந்துவிட்டது" என்ற பதிலை ஏற்காதீர்கள். அடுத்த வாரமும் அதே 90 சதவீதம்தான் வரும். 8ஆம் படியில் வேலைகளைச் சிறியதாக உடைக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும். ஒரு வாரத்துக்குள் அடங்கும் வேலை முடிந்திருக்கும் அல்லது முடிந்திருக்காது, நடுவில் எதுவும் தேவையில்லை.

வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம். முடிந்தது எது, நிற்பது எது, யாருடைய முடிவுக்காக நிற்கிறது. எடுத்த முடிவுகளைத் தேதியோடும் எடுத்தவர் பெயரோடும் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து "யார் சொன்னது?" என்ற கேள்வி வரும்போது அந்த ஒரு வரி பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருபவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். அவருக்கு நன்றி சொல்லுங்கள், அன்றைக்கே ஸ்பான்சரிடம் எடுத்துப்போங்கள். ஒருமுறை கடிந்துகொண்டால் போதும், அடுத்த பிரச்சினை உங்கள் காதுக்கு வர ஒரு மாதம் ஆகும்.

11. டெஸ்டிங்கைப் பயனர் கையில் கொடுங்கள்

டெவலப்பர்களின் சோதனை மென்பொருள் சொன்னபடி ஓடுகிறதா என்று பார்க்கும். அதை வைத்து வேலை நடக்குமா என்று பயனர்தான் பார்க்க முடியும். 3ஆம் படியில் எழுதிய விதிவிலக்குப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு சோதனையாக எழுதுங்கள்: என்ன உள்ளிடுவது, என்ன வர வேண்டும், என்ன வந்தது.

ஒழுங்காகப் போகும் வழியில் நேரத்தைச் செலவிடாதீர்கள், அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஒரே பில்லை இரண்டு முறை போடுங்கள். ஒப்புதல் கொடுத்த பிறகு தொகையை மாற்றிப் பாருங்கள். அதிகாரம் இல்லாதவரின் லாகினில் ஒப்புதல் பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள். மாதக் கடைசி நாளில் எத்தனை பேர் ஒன்றாக உள்ளே வருவார்களோ அத்தனை பேரை ஒரே நேரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

சோதிக்கும் இடம் உண்மையில் ஓடப்போகும் இடத்தைப் போலவே இருக்க வேண்டும். பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டும்தான் சுமைச் சோதனை (பலர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்ற சோதனை) செய்திருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்தது.

எந்தப் பிழையோடு திறக்கலாம், எதோடு திறக்கக் கூடாது என்பதைக் கொள்முதல் பிரிவு முடிவு செய்யட்டும். ஒரு பிழையைச் சரிசெய்த பிறகு அதைச் சுற்றியுள்ள சோதனைகளையும் திரும்ப ஓட்டுங்கள். தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது டெஸ்டிங் நாட்கள்தான். அந்த நாட்களை விட்டுக்கொடுக்காதீர்கள், வேறு எதையாவது வெட்டுங்கள்.

12. பயிற்சியைத் திறப்பு நாளுக்கு ஒட்டி வையுங்கள்

இரண்டு மாதம் முன்பே கொடுத்தால் மறந்துவிடும். முந்தைய வாரம் போதும். எல்லோருக்கும் எல்லாத் திரையையும் காட்டாதீர்கள். கோரிக்கை எழுப்புபவருக்கு அவருடைய மூன்று திரைகள், ஒப்புதல் தருபவருக்கு அவருடைய ஒரு திரை. டெஸ்டிங்கில் இருந்த சக ஊழியரே சொல்லிக்கொடுத்தால் கேள்விகள் தயக்கமில்லாமல் வரும்.

13. திறக்கும் நாளை ஒத்திகை பாருங்கள்

பழைய தாளைப் பூட்டுவதிலிருந்து முதல் உண்மைக் கோரிக்கை போகும்வரை செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் நேரம், செய்பவர், சரிபார்ப்பவர் என்று எழுதுங்கள். அதைக் கடிகாரம் வைத்துக்கொண்டு முழு டேட்டாவோடு குறைந்தது ஒருமுறை செய்து பாருங்கள். நான்கு மணி நேரம் என்று நினைத்தது பதினொரு மணி நேரம் ஆவதை நான் பார்த்திருக்கிறேன். ஒத்திகையில் தெரிந்ததால் அதற்கேற்ற நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

பேக்கப் எடுத்ததோடு நிற்காதீர்கள். அதிலிருந்து மீட்டெடுத்து, திறந்து, ஒரு பதிவைப் படித்துப் பாருங்கள்.

திறக்கலாமா வேண்டாமா என்பதற்கான நிபந்தனைகளை இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள். அன்றிரவு களைப்பில் எல்லோருக்கும் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். திரும்பிப் போகும் புள்ளியும் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த மணிக்குள் எது முடியாவிட்டால் பழையதற்குத் திரும்புகிறோம், எப்படித் திரும்புகிறோம், யார் சொல்வார்.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது, ஒன்று விட்டுப்போயிருந்தது, அதில் பழைய நிரல் தவறாக ஓடியது. குழப்பத்தில் அவர்கள் சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள், தவறு ஏழுக்கும் பரவியது. ஏற்றிய பிறகு எட்டையும் இன்னொருவர் சரிபார்ப்பது, திரும்பும் வழியை முன்பே நடத்திப் பார்ப்பது: உங்கள் பட்டியலில் இந்த இரண்டு வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாரத்தின் கடைசி நாளில் திறக்காதீர்கள், மாதக் கடைசியிலும் வேண்டாம். அடுத்த சில நாட்கள் எல்லோரும் அலுவலகத்தில் இருக்கும் நாளாகப் பாருங்கள்.

14. திறந்த பிறகும் குழுவைக் கலைக்காதீர்கள்

முதல் நான்கு வாரங்கள் டெவலப்பரும் கொள்முதல் ஊழியரும் உங்களோடு இருக்க வேண்டும். தினமும் காலையில் கால் மணி நேரம், நேற்று வந்த டிக்கெட்டுகளை, அதாவது பயனர்கள் பதிவு செய்த புகார்களையும் கேள்விகளையும், பாருங்கள். ஒரே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்தால் பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் அந்தத் திரையைத் திருத்த முடியுமா என்று பாருங்கள்.

யாராவது பழைய எக்செல்லில் எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். இருந்தால் கோபப்படாமல் காரணம் கேளுங்கள். புதியதில் அவருக்குத் தேவையான ஒன்று இல்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும், அந்தத் தகவல் உங்களுக்கு மிகவும் தேவை.

ஒப்படைப்பில் பெயர்கள் இருக்கட்டும்: இனி இந்த மென்பொருளுக்கு யார் சொந்தக்காரர், புதிய ஊழியருக்கு லாகின் யார் கொடுப்பார், விலகியவரின் லாகினை யார் மூடுவார், வெண்டரிடம் யார் பேசுவார், உரிமம் எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து 4ஆம் படியின் எண்களைத் திரும்ப எடுங்கள். ஒப்புதலுக்கு ஆகும் நாட்கள் குறையாவிட்டால், எந்த மேஜையில் நிற்கிறது என்று இப்போது மென்பொருளே காட்டும். அந்த மேஜைக்குப் போய் 3ஆம் படியைப் போல அரை நாள் உட்காருங்கள்.

எண்கள் சரியாக இருந்தால் பழையதை அணையுங்கள். எக்செல் தாளின் எழுதும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். படிக்க மட்டும் ஒரு நகலை, தணிக்கைக்காக எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டுமோ அத்தனை ஆண்டு வையுங்கள். அது எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம், எந்த நாளில் அழிக்கலாம் என்ற மூன்றையும் முடிவுகள் பதிவேட்டின் கடைசி வரியாக எழுதிவிட்டு, ஸ்பான்சரின் கையெழுத்தை வாங்குங்கள்.